சாரதாம்பாள் கொழுக்க வைத்த மண்

அகரமேட்டில் சாரதாம்பாளிடம் திட்டு வாங்காதவர் என்று யாரையாவது காட்டினால், அவர் நேற்றுதான் குடிவந்திருக்க வேண்டும். ஏரிக்கரையில் பைக் ஓட்டியவன், வரப்பில் உட்கார்ந்து ரீல்ஸ் எடுத்தவன், ஆட்டை அவிழ்த்துவிட்டுப் படுத்துத் தூங்கியவன் என்று ஆளுக்கொரு தனி வசவு. ஒருவனுக்குக் கொடுத்ததை இன்னொருவனுக்குக் கொடுக்கமாட்டார். அதில் மட்டும் தாராளம். அத்தனை திட்டும் ஓர் இடத்தைக் காப்பாற்றத்தான். ஏரியின் மேல்கோடியில், வரத்துக் கால்வாய் வந்து விழுகிற இடத்தில், அவருடைய ஒன்றரைக் காணி இருந்தது.

‘அவருடைய’ என்பதில் ஒரு வில்லங்கம். பட்டா கிடையாது, அது ஏரி உள்வாய், ஏரி நிறைந்தால் தண்ணீர் நிற்கிற இடம். தண்ணீர் எட்டாத வருஷங்களில் யாரோ உழுதார்கள், பிறகு வருஷா வருஷம் உழுதார்கள், அப்படியே நிலமாகிவிட்டது. சாரதாம்பாள் கல்யாணமாகி வந்தபோது அந்த மண் வெளுத்து, மேலே உப்புப் பூத்துக் கிடந்தது. புருஷன் வெங்கடேசனுக்கு மண்ணைப் பற்றித் தெரிந்ததெல்லாம் ஷேர் ஆட்டோ டயரில் ஒட்டுகிற அளவுதான். செங்கல்பட்டு ஸ்டேஷனுக்கும் திருக்கழுக்குன்றத்துக்கும் நடுவிலேயே அவர் ஆயுசு ஓடிக்கொண்டிருந்தது. ஆகவே நிலம் சாரதாம்பாள் கைக்கு வந்தது.

கோடையில் ஏரி வற்றினால் வண்டல் அள்ளிப் போட்டார். அறுப்பு முடிந்ததும் ஆட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கிடை மடக்கினார். மந்தை அடைந்து கிடந்து புழுக்கையும் மூத்திரமும் விட்டுப்போன மண்ணைக் காலையில் கையில் எடுத்து முகர்ந்து பார்ப்பார், பல் தேய்ப்பதற்கும் முன்னால். பிறகு டிஏபி வந்தது, யூரியா வந்தது. பக்கத்துக் கழனிக்காரர் ஒரு மூட்டை போட்டால் இவர் ஒன்றரை. மண் கறுத்துக்கொண்டே போனது. பிடித்தால் கொழுக்கட்டை, விட்டால் பொலபொல. அந்த வீட்டில் பிள்ளை இல்லை. ஊட்டி வளர்க்க ஒரு மண்ணும் அதட்டி வளர்க்க ஓர் எருமையும் இருந்தன.

எருமையின் பெயர் தாசில்தார். பெண் எருமைதான். ஆனால் பத்து தடவை கூப்பிட்டால்தான் எழுந்திருக்கும், எழுந்தாலும் வந்த வேலையைச் செய்யாது என்பதால் ஊர்ப் பையன்கள் வைத்த பெயர் அது. சாரதாம்பாள் முதலில் பையன்களைத் திட்டினார். பிறகு பொருத்தமாக இருக்கிறதே என்று அவரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்.

ஒருநாள் ஏரியை அளக்க வந்தார்கள். கல் நட்டார்கள். கல்லுக்கு இந்தப் பக்கம் ஏரி என்றார்கள். ஒன்றரைக் காணியும் இந்தப் பக்கம்.

புதிதாக முளைத்த அடுக்குமாடிகளும் ஹாஸ்டல்களும் விடுகிற கழிவெல்லாம் வரத்துக் கால்வாயில் வந்து ஏரியில் கலந்துகொண்டிருந்தது. அதைத் தடுக்க அந்த மேல்கோடியைப் பழையபடி சதுப்பாக மாற்றப் போகிறார்களாம். ஆழமில்லாமல் தண்ணீர் நிறுத்தி, சம்புப் புல்லும் கோரையும் நட்டு, அதற்குள் கழிவுநீரை மெதுவாக நடக்கவிட்டு, அந்தக் கடைசியில் சுத்தமாக ஏரிக்குள் இறக்குவது திட்டம். ஏரிக்கு நடுவில்தான் ஊருக்கே குடிதண்ணீர் தருகிற கிணறு இருந்தது.

நிலம் போனவருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று ஏரிப் பாதுகாப்புச் சங்கத் தலைவர் ராமானுஜம் ஒரு வழி சொன்னார். அவர் ஓய்வுபெற்ற கண்டக்டர். எதையும் விசில் ஊதி முடிக்கிற மாதிரியே பேசுவார்.

“இத பாரு சாரதாம்பா. செடி நடறது, பாத்துக்கறது எல்லாம் உன் வேலை. மழைக்கு முன்னாடி பெரிய ஆபீசருங்க வர்றாங்கோ. செடி புடிச்சிருந்தா இடம் உன் பொறுப்புலயே இருக்கும். புடிக்கலன்னா வெளியூர் கான்ட்ராக்டு ஆளுகிட்ட போயிடும். அப்புறம் நீ உள்ள கால வைக்க முடியாது. இன்னா சொல்ற?”

“என் மண்ணுல எது புடிக்கலன்னு நீ பாத்த?” என்றார் சாரதாம்பாள்.

அந்த மண்ணில் நிற்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. நெல்லாக இருந்தால் என்ன, சம்பாக இருந்தால் என்ன.

திட்டத்தை நடத்திய தொண்டு நிறுவனத்திலிருந்து ஸ்ரீதேவி என்ற பெண் வந்தாள். பொத்தேரியில் அறை எடுத்துத் தங்கி, ஸ்கூட்டியில் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் பிடித்துப் போகிறவள். நடவு முடிந்த அன்று அவள் விளக்கினாள்.

“அழுக்குத் தண்ணியில சத்து ஜாஸ்தியா இருக்கும் ஆன்ட்டி. அது அப்படியே ஏரிக்குப் போனா பாசி புடிச்சிடும். இந்தச் செடிங்க அந்தச் சத்தை உறிஞ்சி எடுத்துக்கும்.”

“ஆன்ட்டி கீன்ட்டின்னு கூப்டாத, எனக்குப் பின்னாடி யாரோ நிக்கற மாதிரி கீது. செடி உறியும், அவ்வளவுதானே?”

“அவ்வளவுதான் ஆன்ட்டி.”

செடி உறியவில்லை. நட்ட இடத்தில் வெளுத்துப்போய், பரீட்சைக்குப் போகிற பையன் மாதிரி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. வேர் பிடிக்கக் கொஞ்ச நாள் ஆகும் என்று ஸ்ரீதேவி சொன்னாள். ஆனால் பயிர் வெளுத்து நிற்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும் வித்தை சாரதாம்பாளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இத்தனை கழிவையும் உறிய வேண்டிய செடி. அதன் உடம்பில் தெம்பு வேண்டாமா? சோறு போடாமல் வேலை வாங்க அவர் என்ன ஹாஸ்டல் வார்டனா?

முதலில் தாசில்தாரின் சாணத்தைக் கரைத்து ஊற்றினார். அடுத்த வாரம் யூரியா வீசினார். விவசாயி வீசுகிற மாதிரிதான், கை அரைவட்டம் போட, ஒரு செடியும் விட்டுப்போகாமல். ஏரியில் மீன் குத்தகை எடுத்திருந்த ஞானதாஸ் பைக்கை நிறுத்திப் பார்த்தார். முன்பு இதே நிலத்தில் கூலிக்கு வரப்பு செதுக்கி அண்டை வெட்டியவர். இப்போது ஏரி முழுக்க அவருடைய கெண்டை.

“இன்னா யக்கா, கோரைக்கா உரம் போட்டுகினு கீற? ஊரு உலகத்துல கோரைய அழிக்கத்தான் மருந்து விக்கறான்.”

“நீ வாய மூடு தாசு. இது நல்லா வந்தாத்தான் உன் மீனுக்கு நல்ல தண்ணி.”

அது ஞானதாஸுக்குச் சரியாகப் பட்டது. மறுநாள் தன் ஆட்டுப் பட்டியிலிருந்து ஒரு டிராக்டர் எருவை அவரே கொண்டுவந்து இறக்கினார். ராமானுஜம் சங்கத்தின் பெயரில் டிஏபி வாங்கிக் கொடுத்தார். ஊரில் ஒருவருக்கும் இது தப்பென்று தோன்றவில்லை. செடி என்றால் எரு போடுவார்கள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஸ்ரீதேவி பாட்டிலோடு வருகிற நாளில் மட்டும் எருமூட்டை சம்பின் மறைவில் இருந்தது. அவளிடம் மறைக்க அல்ல. அந்தப் பெண்ணுக்குச் சாண நாற்றம் பிடிக்காது என்பதால்.

ஆவணி முடிவதற்குள் சம்பு ஆள் உயரம் எழுந்தது. பச்சையென்றால் வெறும் பச்சையல்ல, கருகருவென்று, பார்த்தால் கண் குளிர்கிற, கொஞ்சம் பயமும் காட்டுகிற பச்சை. அதிகாரிகள் வந்தார்கள், செல்ஃபி எடுத்தார்கள், சாரதாம்பாளுக்குச் சால்வை போட்டார்கள். இடம் இனி அவர் பொறுப்பு என்று ராமானுஜம் மைக்கில் அறிவித்தார். வெங்கடேசன் சவாரியை விட்டுவிட்டு வந்து கை தட்டினார். அன்று சாரதாம்பாள் யாரையும் திட்டவில்லை. ஊருக்கே அது ஒரு மாதிரியாக இருந்தது.

சில நாட்களில் முதல் அடையாளம் தெரிந்தது. சதுப்புக்குள் கால் வைத்தால் குமிழ் வந்தது. ஒன்றிரண்டு அல்ல, அடியில் யாரோ படுத்து மூச்சு விடுகிற மாதிரி, கால் எடுத்த பிறகும் வந்துகொண்டே இருந்தது. அழுகிய முட்டை நாற்றம். சேறு என்றால் நாறத்தான் செய்யும் என்று அவர் காலைக் கழுவிக்கொண்டார்.

பிறகு ஏரி பச்சையாக நிறம் மாறியது. முதலில் யாரோ பெயின்ட் பிரஷ்ஷை அலசிவிட்ட மாதிரி இருந்தது. அடுத்து டப்பாவையே கவிழ்த்த மாதிரி. காற்று அந்தப் பாசியையெல்லாம் ஒதுக்கி மதகு மூலையில் சேர்த்தது. வெயிலில் காய்ந்த இடத்தில் நீலம் பூத்த ஆடை படிந்தது. பையன்கள் சிலர் குச்சியை அதில் தோய்த்து மதகுச் சுவரில் ‘சாரதாம்பாள் பெயின்ட் கம்பெனி’ என்று எழுதிவைத்தார்கள். எழுதிய கையெல்லாம் இரண்டு நாள் தடித்து அரித்தது. அடி விழும் என்று அவர்கள் வீட்டில் அதைச் சொல்லவில்லை. சாரதாம்பாள் அந்த எழுத்தைப் பார்த்துவிட்டு, வழக்கமான வசவு ஒன்றுக்கு வாயெடுத்து, பாதியில் நிறுத்திக்கொண்டு போனார். திட்டு வாங்குவதைவிட அது மோசமாக இருந்தது.

புரட்டாசி வெயில் மண்டையைப் பிளந்த ஒரு மத்தியானம், தாசில்தாரை ஏரிக்கு ஓட்டிப் போனார். எருமைக்குத் தண்ணீரைக் காட்டினால் போதும், அப்புறம் கரைக்குக் கொண்டுவருவதுதான் வேலை. தாசில்தார் கரையில் நின்றது. மூக்கை நீட்டியது. உஸ்ஸென்று ஊதிவிட்டு நாலடி பின்னால் வந்தது. பிடித்துத் தள்ளினார், கயிற்றைப் போட்டு இழுத்தார். உடம்பெல்லாம் வெயிலில் வெடித்துக்கொண்டிருந்த அந்த எருமை தண்ணீரில் இறங்க மறுத்து நின்றது.

“இன்னாடி உனக்கு? இதுக்கும் மனு போடணுமா?” என்றார். குரலில் சுரத்தில்லை.

அந்த வாரமே மீன் வாயைப் பிளந்துகொண்டு மேலே வர ஆரம்பித்தது. விடிகிற நேரத்தில் ஏரி முழுக்க சின்னச் சின்ன வட்ட வாய்கள், காற்றைக் கேட்டுக்கொண்டு. அடுத்த நாள் அவை வெள்ளை வயிறுகளாகக் கரையில் ஒதுங்கின. ஞானதாஸ் முழங்கால் அளவு தண்ணீரில் நின்று ஒவ்வொன்றாக எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார். மதகு மூலையில் தண்ணீர் குடித்த அவருடைய இரண்டு ஆடுகள் கால் இழுத்துக்கொண்டு அங்கேயே விழுந்து கிடந்தன.

“யக்கா, மேல இன்னாமோ ஆயிப்போச்சு. உன் பக்கத்துலேர்ந்துதான் வருது,” என்றார். குற்றம் சொல்கிற குரலில்லை.

ஸ்ரீதேவி ஸ்கூட்டியைச் சாய்த்துவிட்டு ஓடிவந்தாள். உள்ளே வருகிற தண்ணீரைவிட சதுப்பிலிருந்து வெளியே போகிற தண்ணீரில்தான் பாசிக்குத் தீனியான பாஸ்பரஸ் அதிகம் என்றாள். பத்தாம் வகுப்புக் கேள்வித்தாளில் வந்து பாதி ஊரைக் கவிழ்த்த அதே பாஸ்பரஸ்தான். சுத்தம் செய்ய வேண்டிய இடமே விஷத்தைச் சுரந்துகொண்டிருந்தது.

“ஆன்ட்டி, இந்தச் செடிக்கு ஏதாவது போட்டீங்களா?”

“போட்டேன். போடாம வளருமா?”

ஸ்ரீதேவி கண்ணை மூடித் திறந்தாள். “சரி. அது இந்த வருஷம். முன்னாடி? பயிர் வெச்சப்போ இந்த மண்ணுல என்னென்ன போட்டீங்க?”

கடைசியில் ஒருத்தி கேட்டுவிட்டாள். சாரதாம்பாள் நிமிர்ந்தார். வண்டலில் ஆரம்பித்தார். எந்த ஆட்டுக்காரரின் கிடை, எத்தனை பெரிய மந்தை, வேப்பம் புண்ணாக்கு எங்கே வாங்கினது, டிஏபிக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் வரிசையில் நின்று சண்டை போட்டது, மற்றவர்களைவிட எப்போதும் அரை மூட்டை கூடப் போட்டது. சொல்லச் சொல்ல அவர் முகம் மலர்ந்தது. கேட்கக் கேட்க அந்தப் பெண்ணின் முகம் வெளுத்தது. பாதியில்தான் சாரதாம்பாள் அதைக் கவனித்தார்.

“இன்னா கண்ணு? நான் இன்னா தப்பா சொன்னேன்?”

“தப்பு எங்களுது. மண்ணை எடுத்துப் பாத்திருக்கணும், பாக்கல. ஏரி எடம்தானேன்னு தண்ணிய விட்டுட்டோம்.” அவள் குனிந்து ஒரு பிடி சேற்றை எடுத்தாள். “நீங்க போட்டதுல பயிர் எடுத்துக்கிட்டது கொஞ்சம்தான் ஆன்ட்டி. மீதி எங்கயும் போகல. மண்ணுல காத்து இருக்கற வரைக்கும் அது இறுக்கிப் புடிச்சு வெச்சிருக்கும். மேல தண்ணி நின்னு மூச்சு முட்டுதில்ல, அப்போ பிடியை விட்டுடும். இப்போ விட்டுக்கிட்டு இருக்கு. மொத்தமும்.”

அடியில் படுத்து மூச்சு விட்டது எது என்று சாரதாம்பாளுக்கு இப்போது தெரிந்தது.

“எவ்ளோ நாளைக்கு?”

“வருஷக்கணக்கா. மழை வந்தா எல்லாத்தையும் ஒரே அடியா ஏரிக்குள்ள கொண்டுபோயிடும். அதுக்குள்ள செடியோட சேத்து மேல்மண்ணை ஒரு முழ ஆழத்துக்குச் சுரண்டி, கரைக்கு அந்தப் பக்கம் எடுத்துட்டுப் போயிடணும். கறுப்பா இருக்கற அத்தனையும்.”

ராமானுஜம் குதித்தார். “இன்னா வெளாட்றீங்களா? பேப்பர்ல போட்டோ வந்துகீது! செடி இல்லன்னா திட்டமே போச்சு. இடத்த கான்ட்ராக்டுகாரன் எடுத்துக்குவான். ரெண்டு மூட்டை பிளீச்சிங் பவுடர் போடுவோம், மழை வந்தா எல்லாம் அடிச்சுகினு பூடும். சாரதாம்பா பொறுப்புல கீற எடம், அவ ஒத்துக்கினா செய்யுங்க.” அவர் ஒத்துக்கொள்ளமாட்டார் என்பதில் ராமானுஜத்துக்குச் சந்தேகமே இல்லை.

சாரதாம்பாளுக்கும் இல்லை. அந்த மண்ணைக் கரையேற்றினால் அப்புறம் அங்கே நிற்க இடமும் கிடையாது, நிற்க மண்ணும் கிடையாது. அவர் வீட்டுக்குப் போனார்.

வாசலில் தாசில்தார் நாக்கைத் தொங்கவிட்டு நின்றது. தெருக்குழாயைத் திறந்து அலுமினிய அன்னக்கூடையில் தண்ணீர் பிடித்து எதிரே வைத்தார். ஏரிக் கிணற்றிலிருந்து மேல்தொட்டி ஏறித் தெருவெல்லாம் வருகிற தண்ணீர். கொஞ்ச நாளாக மண்வாடை அடிக்கிறது என்று பெண்கள் காய்ச்சி, சீரகம் போட்டுக் குடித்துக்கொண்டிருந்தார்கள். தாசில்தார் குனிந்தது. மூக்கு தண்ணீரைத் தொட்டது.

உஸ்ஸென்று ஊதிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

எதிர்வீட்டிலிருந்து வந்த ஞானதாஸின் மருமகள் சிநேகா அதே குழாயில் குடத்தை வைத்துவிட்டு, இடுப்புக் குழந்தைக்கு உள்ளங்கையில் ஏந்தி வாய் கழுவப் போனாள்.

“ஏய்! கொட்டுடி அத! கீழ கொட்டு!”

ஊர் இதுவரை கேட்காத சத்தம் அது. சிநேகா பயந்து குடத்தையே உருட்டிவிட்டாள். சாரதாம்பாள் செருப்பைக்கூடத் தேடவில்லை. நேராக ராமானுஜம் வீட்டுக்குப் போய், சாப்பாட்டில் கை வைத்தவரைப் பார்த்து, “வண்டியக் கூப்டு,” என்றார். “கொழாய நிறுத்து. டேங்கர் தண்ணி வரவழை. நாளைக்கே ஜேசிபி வேணும்.”

“இடம் போயிடும்மா…”

“போனா போவுது. கூப்டுயா!”

கால்வாயை மணல் மூட்டை அடுக்கித் திருப்பிவிட்டார்கள். ஓரளவு காய்ந்ததும் ஜேசிபி இறங்கியது. டிரைவர் துரை ரோட்டோரமாக, மண் மெலிந்த பக்கத்திலிருந்து ஆரம்பிக்கப் போனார். சாரதாம்பாள் வண்டிக்கு முன்னால் போய் நின்றார்.

“அங்க இல்ல. இங்கேர்ந்து.”

தென்மூலையைக் காட்டினார். கிடை அதிகம் மடக்கிய மூலை. பிடித்தால் பிடிக்குள் நிற்கிற, அந்த ஊரிலேயே கறுத்த மண். பல்லுள்ள வாளி அதற்குள் இறங்கியபோது வெங்கடேசன் மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை; ஆட்டோவை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். டிப்பர் டிப்பராக மண் கரைக்கு அந்தப் பக்கம் போனது. அதை வாங்கக் கீழ்க்கழனிக்காரர்கள் அடித்துக்கொண்டார்கள். “இந்த மண்ணுக்கு அஞ்சு வருஷம் உரமே வேணாம்பா!” என்று ஒருவர் சந்தோஷமாகக் கத்தினார். சாரதாம்பாள் அவரைத் திட்டினார். எதற்கென்று அந்த ஆளுக்குப் புரியவில்லை.

பாதி முடிந்திருந்தது. சுரண்டிய பக்கம் பழைய வெளுப்பு எட்டிப் பார்த்தது, அவர் கல்யாணமாகி வந்தபோது கிடந்த அதே உப்பு வெளுப்பு. அப்போதுதான் மாமல்லபுரம் பக்கத்து வானம் கீழிலிருந்து மேலாக மூடிக்கொண்டு வந்தது. காற்றில் கடல்வாடை. முதல் துளி ஜேசிபியின் கண்ணாடியில் தட்டியது.

“அம்மா, இனிமே முடியாது. வண்டி பொதைஞ்சிடும்,” என்று துரை இன்ஜினை அணைத்தார். “இன்னும் ஒரு வாரம் கழிச்சுதான் மழைன்னு சொன்னாங்கோ.”

“மழைக்குத் தெரியுமா அது?”

சாரதாம்பாள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, சதுப்புக்கும் ஏரிக்கும் நடுவில் இருந்த தாழ்ந்த வரப்பில் இறங்கினார். சேற்றுத் தண்ணீர் ஏரிக்குள் இறங்காதபடி, காலி மூட்டைகளில் மணலை வாரி அடுக்க ஆரம்பித்தார். ஞானதாஸ் வந்து மூட்டையின் வாயைப் பிடித்துக்கொண்டார். ஸ்ரீதேவி ஸ்கூட்டியை எங்கோ போட்டுவிட்டு ஓடிவந்து கையால் அள்ளினாள். ஊர்ப் பையன்கள் சிலர் கரைமேல் நின்றார்கள். அவர்களைப் பார்த்து அவர் ஒரு வசவு விட்டதும், அதற்காகவே காத்திருந்த மாதிரி இறங்கி வந்தார்கள்.

மழை சாய்வாக, கனமாக, நிற்கிற எண்ணமே இல்லாமல் பெய்தது. வரப்பின் சதுப்புப் பக்கம் தண்ணீர் கணுக்கால் அளவு ஏறியது, பிறகு அதற்கும் மேலே.

“நிக்குமா யக்கா?” என்றார் ஞானதாஸ்.

“புடி,” என்றார் சாரதாம்பாள்.

அவர் ஏரியைப் பார்த்துக்கொண்டுதான் மூட்டை அடுக்கினார். சுரண்டாத மீதிப் பாதி, கறுத்து, கொழுத்து, குமிழ் விட்டுக்கொண்டு, அவர் முதுகுக்குப் பின்னால் நனைந்துகொண்டிருந்தது.